பெருசின் கம்ப்யூட்டர் படுத்தபோது

பேருந்தில் கண்டக்டராக இருந்தவளுக்கு வாய் ஜாஸ்தி என்று டிப்போ முழுக்கப் பேச்சு. எவ்வளவு கூட்டமானாலும் தன் குரலாலேயே வழி பிளந்துகொண்டு போய்விடுவாள். வீட்டு வாசலை மிதித்தால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். உள்ளறைக் கட்டிலில் கிடக்கும் கணவன் இன்று எந்த மனநிலையில் இருக்கிறான் என்று எட்டிப் பார்த்த பிறகுதான் செருப்பையே கழற்றுவாள்.

அவன் கிரேன் ஓட்டியவன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து தரையில் நின்றிருந்தவன் மேல் இரும்புக் குழாய் ஒன்று சரிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பான். அவனை நம்பி வீட்டில் வைக்கப் பயந்து, மாத்திரைகளை எல்லாம் டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போன காலம் அது. கல்யாணத்துக்கு முன் அவன் ஆசை ஆசையாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் அலமாரி மேல் கிடந்தது. அதைத் தூசு தட்டி இறக்கிக் கட்டிலோரம் வைத்தவள் அவள்தான்.

வைத்தது வீண் போகவில்லை. ஒரு போர் விளையாட்டில் அவனுக்கு ஒரு குழு அமைந்தது. முகம் தெரியாத நாலைந்து இளவட்டங்கள், அவன் கரகரத்த குரலைக் கேட்டு "பெருசு" என்று பெயர் வைத்தார்கள். "பெருசு, எந்தப் பக்கம் போறது?" என்று அவனைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். அவன் படுக்கையில் கிடப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஓடிட்டு வந்தேன்டா, அதான் லேட்டு" என்று அவன் அளந்து விடுவதைச் சமையலறையிலிருந்து கேட்டு அவள் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் உள்ளறையை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.

கம்ப்யூட்டர் பழுதாகத் தொடங்கியபோது திரையில் முதலில் வந்தது ஒரு மெல்லிய பச்சைக் கோடு. பிறகு கோடுகள் பெருகின. படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. விளையாட்டு நடுவில் திரை இருண்டு, குழு முழுக்கச் செத்தது. கடைசியில் ஒரு காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் பீப் என்று ஏதோ கத்திவிட்டு ஓய்ந்தது.

"நேத்துக் கூட்டும்போது இடிச்சியா?"

"நான் அந்தப் பக்கமே போகலங்க."

"இல்லாமலா இப்படி ஆகும்?"

இரண்டு நாள் அவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். மறுபடி முகம் சுவர்ப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் அவள் பழுது பார்க்கும் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரரோ, "இவ்ளோ பழசுக்குச் சாமான் கெடைக்காதும்மா" என்று போனிலேயே கைவிரித்துவிட்டார்.

விடுமுறை நாளன்று கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கட்டிலின் மேலேயே, அவன் பக்கத்தில் வைத்தாள். திருப்புளியும் அவள் கையில் இருந்தது.

"நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

"உனக்கு இதெல்லாம் வராது."

"பஸ்ஸு நடுரோட்டுல நின்னப்போ பானட்டைத் தொறந்தவ நான். சொல்லுங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தான். மின்சார ஒயரைப் பிடுங்கச் சொன்னான். இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுக் கைவைக்கச் சொன்னான். பக்கத்து மூடியைக் கழற்றியதும் பஞ்சு பஞ்சாகத் தூசு கொட்டியது. திரைக்குப் போகும் கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. மெமரிப் பட்டைகளை உருவி, ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார்கள். அதே பீப். அவளுக்கு வியர்த்தது. அவனோ தன்னையறியாமல் முழங்கையை ஊன்றி எழும்பி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிராபிக்ஸ் கார்டைக் கழட்டு. அந்தப் பெரிய தட்டை. பக்கத்துல ஒரு கொக்கி இருக்கும், அமுக்கிட்டு இழு. பாத்து!"

கழற்றி, கேபிளைப் பெட்டிக்குள் மதர்போர்டிலேயே இருந்த சாதாரணத் துளையில் மாட்டினார்கள். திரை வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவள் குழந்தை மாதிரி கைதட்டினாள். அவன் தட்டவில்லை.

"கார்டுதான் போயிருக்கு. இது இல்லாம கேம் ஓடாது."

"அப்போ இதுல என்ன பண்ணலாம்?"

"பேசலாம். படம் பாக்கலாம்."

புதிய கார்டின் விலை நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. சும்மா இருக்க மாட்டாமல், குழு பேசிக்கொள்ளும் இடத்தை அவன் திறந்தான். ஹெட்போனைக் காதில் மாட்டாததால் குரல்கள் அறைக்குள்ளேயே கேட்டன.

"பெருசு வந்துட்டாரு! எங்க போனீங்க?"

மூடிவிடு என்று அவன் அவளுக்குக் கையால் காட்டினான். அதற்குள் இன்னொருவன், "விடுடா, நம்மள கழட்டி விட்டுட்டு வேற டீமுக்குப் போயிட்டாரு" என்றான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் பேசுகிற அந்தக் குரல் தானாக வெளியே வந்துவிட்டது.

"எங்கயும் போகலப்பா. அவரால எந்திரிக்க முடியாது. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல. இந்தப் பெட்டிதான் அவருக்கு எல்லாம், அதுவும் இப்போ போச்சு."

அவன் கையெட்டி சுவிட்சைப் பட்டென்று அணைத்தான்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"ஏங்க, அவங்க தப்பா..."

"அங்க மட்டுந்தான் நான் நல்லா இருந்தேன். அதையும் புடுங்கிட்ட."

அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த வாரம் முழுக்க அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம் அவன் சொன்னதே காதில் விழுந்தது. மாத்திரைகள் மறுபடி டிக்கெட் பைக்குள் வந்தன.

பிறகு ஒரு மாலை, கதவைத் திறக்கும்போதே உள்ளறையில் அவன் குரல் கேட்டது. "டேய் தூங்குமூஞ்சி, எடதுபக்கம் பாருடா! மாடியில ஒருத்தன் நிக்கிறான்!" செருப்போடேயே ஓடிப்போய் நின்றாள். குழுவில் எப்போதும் கொட்டாவி விடுகிற ஒருவன், தான் ஆடுவதை இவன் திரையில் தெரிகிற மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தான். படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆடுவது அவன், ஆட்டி வைப்பது இவன்.

ஆட்டம் முடிந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். "மத்தவங்க எல்லாம்?"

"ரெண்டு பேரு அன்னியிலேருந்து வர்றதில்ல. எங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலையாம்." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான். "நீ சொன்னது தப்புதான்."

"தப்புதாங்க."

சீருடையைக்கூட மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த ஆட்டம் தொடங்கியது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. மறைக்குது" என்றான்.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.