ஓக் மரத்தைச் சுற்றி மூன்று தடவை

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், டென்மார்க்கில் விபோர்க் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என்னைக் குடியமர்த்தியிருந்தார்கள். அங்கே தமிழன் நான் ஒருவன்தான். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேலைக்கும் போக முடியாது. பக்கத்துக் காட்டில் மிகப் பழைய ஓக் மரம் ஒன்று இருக்கிறது, அரசாங்கமே அதைப் பாதுகாக்கிறது, போய்ப் பார் என்று டெனிஷ் படிப்பித்த ஆசிரியை சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன்.

மரம் நான் நினைத்த அளவு உயரமில்லை. அடிமரம் பிளந்து உள்ளே வெறும் பொந்து. சாய்ந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து, சுற்றிவர வேலி போட்டிருந்தார்கள். தாண்டக்கூடாது என்ற அறிவிப்பை அகராதி இல்லாமலே வாசித்து முடித்தேன். அதைச் சொல்லிக்காட்டத்தான் யாருமில்லை.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. ஏதோ அகதி முகாமிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். கடைசியாக, வீங்கிய கன்னத்தைக் கையால் பொத்தியபடி ஒருவர் இறங்கினார். என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

"தமிழோ?"

"ஓம்."

ஏழு வாரத்தில் நான் தமிழில் பேசிய முதற் சொல் அது.

அவர் மன்னார்க்காரர். மரத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பல்வலியை டெனிஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டார், சொல்லிக் கொடுத்தேன். மாஜரினில் வெங்காயம் தாளித்தால் வரும் நாற்றத்தைப் பற்றிக் கதைத்துச் சிரித்தோம். மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றது.

"வீட்டிலை எல்லாரும் இருக்கினமோ?" என்றார்.

"தெரியேல்லை அண்ணை. கடிதம் வரேல்லை."

"எனக்கும் அப்பிடித்தான், தம்பி."

பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் ஓடினார். யன்னலில் ஒரு கை அசைந்தது. பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் அவருடைய பெயரையோ முகாமையோ கேட்கவில்லை என்று உறைத்தது. சைக்கிளை எடுத்துத் துரத்தினேன். பெருந்தெருவில் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

மறுநாள் ஆசிரியையிடம் சொன்னேன். முகாம்களுக்குத் தொலைபேசியில் கேட்கலாம், பெயர் என்ன என்றார். மன்னார்க்காரர், பல்வலிக்காரர் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். மழை தூறியது. பஸ் எதுவும் வரவில்லை. டெனிஷ் தம்பதியர் வந்து, மரத்தின் முன்னால் தங்களைப் படமெடுத்துத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.