நடுவுல யாரு வந்தா?

“பட்டியல் இருக்கட்டுங்க. நடுவுல யாரு வந்தா, அதைச் சொல்லுங்க.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, இடது உள்ளங்கையில் ஒரு கோடு போடுகிறார். மேசையில் நோட்டு இருக்கிறது, எதிரே இரண்டு திரைகள் இருக்கின்றன. ஆனாலும் கைதான். “நோட்டை மூடி வச்சா மறந்துடும். கையை எங்க மூடி வைக்கிறது?” என்பார். வேலை முடிந்ததும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிக் விழும். சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் போகாத நீலம் அந்தக் கையில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ஆபீஸில் அவருக்கு ‘அட்டெண்டன்ஸ் மேடம்’ என்று பெயர். இது தங்களுக்குள் மட்டுமே புழங்குகிற ரகசியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவரே மின்னஞ்சலின் அடியில் அப்படிப் பெயர் போட்டு அனுப்பிய பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், வீடு மாற்றித் தரும் வேலை என்பார். பொய்யில்லை. ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் முப்பது நாற்பது கம்ப்யூட்டர்கள் குடித்தனம் இருக்கும். தனியாக உடம்பு கிடையாது. மெய்நிகர் எந்திரம் என்று புத்தகத்தில் பெயர். பெட்டிக்கு வயதாகிவிட்டால், உள்ளே குடியிருப்பதை அடுத்த பெட்டிக்கு மாற்றியாக வேண்டும். அதுவும் ஓட்டத்தை நிறுத்தாமல். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே அடுப்போடும் பாலோடும் ஆளோடும் தூக்கி வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும், பால் காய்ச்சுகிறவருக்கு அது தெரியவும் கூடாது என்றால் எப்படி? அப்படித்தான்.

புது வீட்டைத் தயார் செய்வது பட்டியலைப் பார்த்து. இந்த எந்திரத்துக்கு இத்தனை டிஸ்க், இத்தனை நெட்வொர்க் கார்டு, இன்னது இன்ன இடத்தில் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்த பட்டியல். அதன்படி புதுப் பெட்டியில் ஒரு காலிக் கூடு கட்டி, பழையதன் நினைவையெல்லாம் அதில் ஊற்றுவார்கள். வம்பு எங்கே வரும் என்றால், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரத்துக்கு யாரோ ஒருவர் ஒரு டிஸ்க்கைச் செருகியிருப்பார். பட்டியலில் எழுதியிருக்க மாட்டார். எந்திரமோ அதோடு ஒட்டி உறவாடிப் பழகிப்போயிருக்கும். எல்லாம் ஊற்றி முடியப்போகிற நேரத்தில், தொண்ணூற்றெட்டாவது சதவீதத்தில், ‘இதற்கு இங்கே இடமில்லையே’ என்று புது வீடு கையை விரித்துவிடும். எந்திரம் பழைய பெட்டியிலேயே ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி நடுவில் வந்து சேரும் டிஸ்க்குக்கு மேடம் வைத்த பெயர் மாப்பிள்ளை. “வரும்போது ஓடி ஓடிக் கவனிக்கிறீங்க. பேரை மட்டும் ஒருத்தரும் எழுதறதில்ல. வீடு மாத்தற அன்னைக்கு, ஐயையோ மாப்பிள்ளையை மறந்துட்டோமேன்னு தலையில கைய வச்சுக்கறது.” கழற்றும்போதும் இதே கதை. கழற்று என்று உத்தரவு போட்ட கையோடு, கழற்றியாயிற்று என்று எழுதிவிடுவார்கள். மேடத்திடம் அது நடக்காது. “நாம சொல்லிட்டோம் சரி. அது சரின்னு சொல்லிச்சா?” எந்திரமே பதில் சொல்லும்வரை பேனா மூடி கழலாது.

இவ்வளவு கறாரானவர் வீட்டில், பட்டியலில் இல்லாத ஒருவர் ஆறு வருடமாக இருந்தார்.

அவருடைய நாத்தனார். கணவரின் அக்கா. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. புருஷன் இறந்த மாதமே, பித்தளைக் கொக்கி இரண்டு வைத்த பழுப்புப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். “நாலு நாள் இருந்துட்டுக் கிளம்பிடறேம்மா” என்றார். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. மேடத்தின் பெண்ணுடைய அறையில், ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. பெட்டி கட்டிலுக்கு அடியில். துணி பெட்டியிலிருந்து உடம்புக்கு வரும், உடம்பிலிருந்து கொடிக்குப் போகும், கொடியிலிருந்து மடிப்புக் கலையாமல் மறுபடி பெட்டிக்கே போகும். வந்த வாரத்திலேயே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். நாத்தனார் அதில் தன் புடவைகளையா அடுக்கினார்? தம்பி பெண்ணின் பழைய பள்ளிப் புத்தகங்களை அடுக்கி வைத்தார்.

ஏழு வருடத்துக்கு முன் பதிவு செய்திருந்த அடுக்குமாடி வீடு ஒருவழியாகக் கட்டி முடிந்து, இந்த மாதம்தான் சாவி கைக்கு வந்தது. கணவர் நில அளவைக்காரர். கோடு கோணாமல் போடுகிறவர். பதிவு செய்த அன்று தான் வரைந்த படத்தையே எடுத்து விரித்து வைத்தார். தங்களுக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை, மூன்றாவது சின்ன அறை மனைவியின் ஆபீஸ் வேலைக்கு. “சாப்பாட்டு மேசையில உக்காந்தே எத்தனை வருஷம்தான் வேலை பாப்பே?” என்று ஆசையாகத்தான் சொன்னார். அட்டைப்பெட்டிகளில் எழுத மூன்று நிறத்தில் பேனா வாங்கி வந்தார். நீலம் அவருக்கு, சிவப்பு மனைவிக்கு, பச்சை பெண்ணுக்கு. அக்காவுக்கு நிறம் இல்லை. யார் மனதிலும் கள்ளம் இல்லை என்று சத்தியம் செய்யலாம். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மேடம் ஓர் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பேருந்துகளுக்கு டிக்கெட் பதியும் எந்திரம். ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. மூன்று முறை மாற்றிப் பார்த்தும் மூன்று முறையும் தொண்ணூற்றெட்டில் திரும்பிவிட்டது. பட்டியலையும் எந்திரத்தையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்ததில், எப்போதோ யாரோ செருகிய டிஸ்க் ஒன்று கையும் களவுமாக மாட்டியது. “பட்டியல்ல இருக்கறது வேற, வீட்ல இருக்கறது வேற. மாப்பிள்ளை பேரைச் சேருங்க” என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்த மூச்சோடு, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றுவதற்குப் பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்தார். நாத்தனார் படித்து அடுக்கி வைத்த கட்டு. நடுவிலிருந்து ஒரு படிவம் நழுவி விழுந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் சேர்வதற்கான விண்ணப்பம். மருந்து உறையில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து. சேர விரும்பும் நாள் என்ற இடத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மேடத்துக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள எந்திரங்களிடமெல்லாம் கேட்ட கேள்வியைத் தன் வீட்டில் ஒருநாளும் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. படிவத்தை இருந்த இடத்திலேயே செருகி வைத்தார்.

சாயங்காலம் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்: “அண்ணி, அந்த மூணாவது ரூம் உங்களுக்கு. தனிக் கதவு, தனி அலமாரி. எனக்கு இந்த மேசையே பழகிடுச்சு.”

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆமாக்கா, ஆமா” என்றார் இரண்டு தடவை.

நாத்தனார் சிரித்தார். “எனக்கு எதுக்கும்மா தனி ரூமு? அது உன் வேலைக்குன்னு போட்டது. நான் நாலு நாள்ல கிளம்பறவ.” அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் மேடம் பேப்பர்க் கட்டைப் புரட்டிப் பார்த்தார். படிவம் இல்லை. நாத்தனாரின் கைப்பைக்குள் அதன் மூலை தெரிந்தது. என்ன குறை வைத்தோம் என்று மேடத்துக்கு விளங்கவில்லை. தனிக் கதவோடு ஓர் அறையையே கொடுத்தாயிற்றே!

பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து போன். “மேடம், மாப்பிள்ளை பேரைச் சேர்த்தாச்சு. அப்பவும் தொண்ணூத்தெட்டுல திரும்பிடுது.”

“எங்க சேர்த்தீங்க?”

“ஏழாவது இடத்துல. அதான் காலியா இருந்துச்சு.”

மேடம் எந்திரத்துக்குள் பார்த்தார். டிஸ்க் இருந்தது ஒன்பதாவது இடத்தில். அது வந்த காலத்தில் ஏழிலும் எட்டிலும் வேறு இரண்டு இருந்தன. அவை எப்போதோ போய்விட்டன, இது மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது.

“காலியா இருக்கற இடத்தைக் குடுத்தா ஆச்சா? அது இருக்கற இடத்தைக் குடுக்கணும். ஏழும் எட்டும் சும்மா கிடக்கட்டும். ஒன்பதுல எழுதுங்க.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பதினொன்றே முக்காலுக்கு எந்திரம் புதுப் பெட்டியில் மூச்சு விட்டது. எங்கோ ஜன்னலோர இருக்கை தேடிக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எந்திரம் பதில் சொன்னது, டிக் விழுந்தது. அதற்குக் கீழேயே உள்ளங்கையில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டார்.

பள்ளியிலிருந்து பெண் வந்ததும் மேடம் கேட்டார்: “காலைல உன்னை யாருடி எழுப்பறா?”

“அத்தைதான். அலாரம் அடிக்கறதுக்குள்ள அதை அமுக்கிட்டு, கால் கட்டைவிரலைப் பிடிச்சு இழுப்பாங்க. ஏம்மா?”

“தனி ரூம் வேணும்னு நீதானே கேட்டே?”

“கேட்டேன்” என்றாள் பெண், ஷூவைக் கழற்றிக்கொண்டே. “எனக்கும் அத்தைக்கும்.”

மேடம் கணவரின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பெண்ணின் அறைக்குள் போனார். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கை தூரம், அதில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அலாரம். ஆறு வருடமாகக் கண்முன் இருந்ததை அன்றுதான் அளந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியிலேயே மேடம் போய்விட்டார். சாமான் இறக்க வந்தவர் தலையைச் சொறிந்தார். “அம்மா, இந்தச் சுவரோட ஒட்டிப் போட்டா நடுவுல நிறைய இடம் கிடைக்கும்.”

“நிறைய இடம் வேண்டாங்க. அதே இடம்தான் வேணும்” என்று சொல்லி, நாடாவை அவர் கையில் கொடுத்தார். ஒரு சாண், ஒரு கை, ஸ்டூல், அலாரம். அலமாரியில் பாதி காலி. மூன்றாவது அறையில் சாப்பாட்டு மேசையைக்கூடப் போடாமல் சும்மா விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு நாத்தனார் வந்தார். தோளில் கைப்பை, கையில் பழுப்புப் பெட்டி. “எல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்துச்சான்னு ஒரு பார்வை பாத்துட்டு அப்படியே...” என்று ஆரம்பித்தவர், பெண்ணின் அறை வாசலில் நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். ஸ்டூலில் அலாரத்தைப் பார்த்தார்.

“டீ போடறேன் அண்ணி” என்றார் மேடம். போடப் போகவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து, இடது கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பெட்டி தரையில் உராய்ந்து கட்டிலுக்கு அடியில் போகும் சத்தம். மேடம் பேனாவை எடுத்தார், ஆனால் திறக்கவில்லை. அது பழைய வழக்கம், ஆறு வருடமாகக் கேட்கும் சத்தம்தான்.

பெட்டி மறுபடி உராய்ந்தது. இந்தமுறை வெளியே. ஒரு கொக்கி. இன்னொரு கொக்கி. கொஞ்சம் கழித்து, எண்ணெய் காணாத புது அலமாரிக் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

மேடம் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, உள்ளங்கையில் டிக் போட்டார்.