விரால் இல்லாத ஏரி

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன்; அதில் விரால் ஒன்றுக்கு மேல் கூடாது. எங்கள் ஏரியில் இன்றும் இருந்திருக்க வேண்டிய விதி இது. அதிகாரிகள் கரையில் வைத்த பலகையில் முதல் பாதி மட்டுமே இருக்கிறது.

இன்று சித்தூர் சந்தையில் விரால் கேட்டேன். "விராலுங்களா? படத்துல வேணாப் பாருங்க" என்று மீன்காரம்மா விரல் நீளச் சிலேபிக் கெண்டைகளைக் கொட்டினார். சேற்று வாடை எழுந்தது. மனம் பழைய அடுக்களைக்குப் போய்விட்டது.

அப்போது அப்பா ஏரிக் கமிட்டித் தலைவர். மீன் குறைகிறதென்று ஐந்து மீன் வரம்பைக் கொண்டுவந்தார். ஐந்துதான் என்றானதும் ஊரே பொடி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, பெரிய விராலாகப் பார்த்து எடுத்தது. எங்கள் வீட்டிலும் மாங்காய் போட்ட விரால் குழம்பு மணத்தது. பொடி மீனைத் தின்ன விரால் இல்லாமல் போனதும் ஏரி முழுக்கச் சிலேபி பெருகியது. இரை போதாமல் ஒன்றும் வளரவில்லை.

அந்தப் பொடி மீனைச் சாம்பலில் உரசிக் கழுவியபடி அம்மா கேட்டாள்: "ஏனுங்க, காவக்காரனைப் பூராக் கொழம்பு வெச்சுத் தின்னுபோட்டு, இப்பத் திருடனை எண்ணிட்டிருக்கறீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. "செரி, விரால் ஒண்ணு போதும்னு சொல்லிப்போடறேன்" என்றார். சில வருடங்களில் விரால் திரும்பியது.

பின்னாளில் ஏரி கமிட்டியிடமிருந்து அதிகாரிகள் கைக்குப் போனபோது, ஐந்து மீன் வரம்பை மட்டுமே பலகையில் எழுதினார்கள். விட்டுப்போன இரண்டாம் பாதியைச் சேர்க்கக் கோரி, விரால் கொஞ்சம் மிச்சமிருந்தபோதே மனுக் கொடுத்தேன். பிறகு நினைவூட்டல், மேல்முறையீடு, எல்லாம் முறைப்படி. 'ஏரியில் தற்போது விரால் இல்லை. ஆகவே திருத்தம் அவசியமில்லை' என்ற பதில் வந்து சேர்ந்தது, இந்த விஷுவுக்கு மறுநாள்.