இரண்டு ஆள் ஸ்பிரிங்

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் நான் காரை சர்வீஸுக்கு விடும் இடத்தில், காத்திருப்பவர்களுக்கென்று ஒரு கண்ணாடி அறை வைத்திருக்கிறார்கள். ஏசி, காபி மெஷின், சோபா எல்லாம் உண்டு. நம் காரை நாமே கிட்டப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டும் கிடையாது. போன வாரம் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்து, முன்பக்க ஸ்பிரிங் போய்விட்டது, செட்டாக மாற்றிவிடுகிறோம் என்றார். எந்த மாதிரி ஸ்பிரிங் போடுவீர்கள் என்று கேட்டேன். "இதுல செலக்ட் பண்ண ஒண்ணும் இல்ல சார். சிஸ்டம்ல என்ன வருதோ அதான்" என்றார். பிறகு என் நரையை ஒருமுறை பார்த்துவிட்டு, காபி சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

அறை முழுக்க எலுமிச்சை வாசனை தெளித்திருந்தார்கள். அவர் வெளியே போகக் கதவைத் திறந்தபோது அதையும் மீறிக் கொஞ்சம் கிரீஸ் வாசனை உள்ளே வந்தது. அவ்வளவுதான், நான் திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில்தான் எனக்கு முதல் வேலை. டிப்ளமோவில் இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்தவனை இன்ஜினியர் தம்பி என்று கூப்பிடும் பெருந்தன்மை அந்த ஊருக்கு இருந்தது. நானும் ஒரு நாளும் மறுத்ததில்லை. பக்கத்துக் கடையின் பூச்சிமருந்தும் எங்கள் கடையின் கிரீஸும் கலந்த வாசனை சட்டையில் ஏறிக்கொண்டு துவைத்தாலும் போகாது. அந்தச் சட்டையோடு பெண் பார்க்கப் போன கதையும் உண்டு. அதை உங்களிடம் சொல்லி நான் ஏன் மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கமால் பாய் அந்தக் கடைக்குத்தான் வந்தார். வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்புகிறவர்கள் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள், ஜவுளிக்கடை வைப்பார்கள். பாய் வந்த மூன்றாவது வாரமே நீலகிரிக்குப் போய், ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, தரைக்கும் அதற்கும் அரைச்சாண் இடைவெளி. ரோட்டில் நெல் காயப்போடுகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்குமா? வண்டி அடிவயிற்றால் நெல்லைப் பெருக்கிக்கொண்டே போகும். காயப்போட்டவர்கள் திட்டிக்கொண்டே திரும்பப் பரப்புவார்கள்.

அந்த வண்டிக்கு ஒரு குறை இருந்தது. வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஓட்டுகிறவர் பக்கத்து முன் ஸ்பிரிங் இன்னொன்றைவிட ஒரு விரற்கடை உட்கார்ந்துபோயிருந்தது. வருடக்கணக்காக யாரோ தனியாகவே ஓட்டிய வண்டி அது.

எங்கள் ஊரில் ஸ்பிரிங் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. மினிபஸ் ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாம் என்றார் ஒருவர். சுருளுக்கு நடுவில் ரப்பர் கட்டையைச் செருகினால் போதும் என்றார் டீக்கடைக்காரர். சாய்ந்திருப்பதுதான் அந்தக் காருக்கு அழகு என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார். நான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தப்புத் தப்பான ஆங்கிலத்தில் இங்கிலாந்துக் கடை ஒன்றுக்கு மெயில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. மென்மையான ஸ்பிரிங், பந்தயத்துக்கான கடினமான ஸ்பிரிங், வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்துகிற ஸ்பிரிங் என்று ஒரு பந்தியே பரிமாறியிருந்தார்கள். தாழ்த்தினால் வளைவுகளில் பிரமாதமாகத் திரும்புமாம். எங்கள் பக்கத்து வாய்க்கால் பாலங்களில் ஏற்றினால் பிரமாதமாக நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

மென்மையானதே போதும் என்று முடிவுசெய்த பிறகு, கடைசியில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. வண்டியில் வழக்கமாகப் போவது ஒருவரா, இருவரா? ஒருவர் என்றால் வலப்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமான ஸ்பிரிங் அனுப்புவார்கள். இருவர் என்றால் இரண்டும் ஒரே அளவு. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய் இத்தனை வருடமாகியும் நம் வீட்டு விஷயத்தில் தலையிடுவதை விடவில்லை பாருங்கள்.

ஏனென்றால், பாயின் மனைவி ஜெமிலா அக்கா அந்தக் காரில் ஏறியதே இல்லை. இருபது வருடமும் அடுத்த வருஷம் வந்துடுறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வந்த கையோடு கார் தேடிப் புறப்பட்டதை அவர் மன்னிக்கவில்லை. வண்டி வந்த அன்று பாய் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வெங்காயம் அரிய வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். இப்போது ஒற்றை ஆள் ஸ்பிரிங் வாங்கினால், அவர் இனி ஏறவே மாட்டார் என்று பாயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு ஆள் ஸ்பிரிங் வாங்கி அவர் ஏறாமல் போனால், பக்கத்து சீட் காலி என்பதை வண்டியே சாய்ந்து சாய்ந்து ஊருக்குச் சொல்லும்.

முடிவெடுக்கத் தெரியாதவர்கள் சோதனை செய்வார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்க, இடப்பக்க சீட்டில் நெல் மூட்டை வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அக்கா என்ன எடை இருப்பார் என்று கேட்டேன். பாய்க்குத் தெரியவில்லை. கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்ததாகச் சொன்னார். சரியென்று அறுபது கிலோ மூட்டை ஒன்றை ஏற்றினோம். பாய் அதோடு கடைத்தெரு வழியாக ஒரு சுற்றும் போனார். கமால் பாய் பொண்டாட்டிக்குப் பதிலாக நெல்லை உட்காரவைத்து ஊர் சுற்றுகிறார் என்ற செய்தி, வண்டிக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்ஜினியர் தம்பியின் மூளையை ஊர் மெச்சிக்கொண்டது.

மறுநாள் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா டீ கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை. கேட்க தைரியமில்லாமல் குடித்தேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார், நான் டம்ளரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஒற்றை ஆள், இரண்டு ஆள் வித்தியாசத்தை விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருவது வருஷம் இந்த வீட்டை ஒத்த ஆளாத்தான் ஓட்டுனேன் தம்பி. எனக்கு எந்த ஸ்பிரிங் போட்டாங்கன்னு உங்க பாயைக் கேட்டுச் சொல்லுங்க."

மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது, மகனைப் படிக்கவைத்தது, வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்களில் வயலைக் காப்பாற்றியது எல்லாம் அக்காதான். ஊருக்கே தெரிந்த விஷயம். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற எனக்கு அன்று மூட்டை யோசனை சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. பாய் தலை குனிந்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு ஆளுன்னே எழுதுங்க தம்பி. ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம்."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்பிரிங் வந்தது, மாட்டினோம். கடைத்தெருவில் பாய் தனியாகப் போகும்போதெல்லாம் புது ஸ்பிரிங்கோடும் வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தும் இந்த லட்சணம்தானா என்று ஊர் என்னைக் கேட்டது. காரணம் எனக்குத் தெரியும். சொல்ல முடியாததால் அளவு தெரியாத இன்ஜினியர் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் தஞ்சாவூருக்கு வேலை மாறி வந்துவிட்டேன்.

உதிரிபாகக் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பிரவுசிங் சென்டர் என்றால் என்ன என்று என் மகள் கேட்கிறாள். பாயும் அக்காவும் ஒரு வருட இடைவெளியில் காலமானார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, பழைய கார் சேர்க்கிற ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாங்கியவருடைய மெக்கானிக் எப்படியோ என் நம்பரைப் பிடித்து, ஸ்பிரிங் எங்கே வாங்கியது என்று கேட்டார். வலப்பக்க ஸ்பிரிங் நன்றாகவே உட்கார்ந்துபோயிருக்குமே என்று கேட்டேன்.

"இல்ல சார், கழட்டி அளந்து பார்த்தேன். ரெண்டும் ஒரே அளவாத்தான் உக்காந்துருக்கு. வருஷக்கணக்கா ரெண்டு பேரா ஓடுன வண்டி சார் இது."

எந்த ரோட்டில், எந்த நேரத்தில் என்று எனக்குத் தெரியாது. ஊர் எழுந்திருக்கும் முன்பே போய்த் திரும்பியிருப்பார்கள். நான் எட்டு மணிக்குக் கண் விழிக்கிறவன். அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் எனக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

காலையிலேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.