அக்கரையில் கேட்ட என் குரல்

நரி பிடிக்கிற தொழிலில் கூண்டு பாதி, குரல் பாதி. சாகிற முயல் மாதிரிக் கத்தத் தெரிந்தால் நரி தானாகத் தேடி வரும். எனக்குப் பதினேழு வயது, அம்மா முதல் ரயில் அறிவிப்பு வரை எல்லாக் குரலும் வரும். விடியக் குளிரில் வேலைக்குப் போய் விறைத்த சகோதரங்களே, கடைசியில் ஒரு சிரிப்பு நிச்சயம். ஆனால் முதலில் என்னோடு சேர்ந்து கொஞ்சம் விறைக்க வேண்டும்.

எண்ணெய்த் தலை

இங்கே குளிர்காலமான ஜூலை விடுமுறைக்கு, நரி பிடிக்கிற சிவா அங்கிளோடு வேலைக்குச் சேர்ந்தேன். ஹெலன்ஸ்பர்க் பக்கம் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்று. அங்கிள் சொந்தமாகத் தொடங்கிய தொழிலில் அதுதான் முதல் வேலை. பண்ணைக்காரி மலர் அன்ரியின் நாற்பது கோழிகளில் ஒன்பதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமைக்குள் நரி அகப்படாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மனித வாடை ஒட்டாமல் கையுறை போட்டு, கூண்டுக்குச் சேறு பூசி, கோழி இறக்கை கட்டினேன். எல்லாம் சரி, அம்மா தலைக்கு வைத்துவிட்ட நல்லெண்ணெயைத்தான் மறந்துபோனேன். மறுநாள் உறைபனியில் கூண்டைச் சுற்றி வட்டம் வட்டமாகக் காலடி. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அங்கிள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நரி உன்ர எண்ணெயை நீ ரயில் ஏறின வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலயே மணந்திருக்கும், பிள்ளை."

இரண்டு மலர் அன்ரி

வியாழக்கிழமை அங்கிள் கேட்டபடி முயலாகக் கத்திக் காட்டினேன். முடிவில் ஒரு விக்கல் வைப்பேன், அது என் சொந்தச் சரக்கு. அவர் ஃபோனைக் கையில் பொத்திக்கொண்டு கேட்டார்.

பிறகு நாணலுக்குள் ஒளிந்து, மலர் அன்ரியின் குரலில், "சிவா, இன்னிக்கும் ஒரு கோழி போச்சு" என்றேன். அங்கிள் தொப்பியைக் கழற்றி, மூடுபனியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கமாகத் தேநீரோடு நிஜ அன்ரி வந்து நின்றார். அங்கிளின் முகம் வெளுத்துப்போனது. அன்ரி கேட்டார்: "யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க, சிவா?"

பாலம் இல்லாத இடம்

வெள்ளிக்கிழமை என்னை வான் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அங்கிள் பனிக்குள் போனார். அக்கரையில் ஒரு முயல் சாகத் தொடங்கியது. முடிவில் விக்கல். என் விக்கல். வாயைப் பொத்திப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. மறுபடியும் விக்கல். பிறகு கூண்டுக் கதவு விழுகிற சத்தம்.

பிறகு அதே இடத்திலிருந்து நான் பேசினேன்: "சிவா, இன்னிக்கும் ஒரு கோழி போச்சு."

வானின் கதவுப்பிடியை எப்போது பிடித்தேனோ தெரியாது, விரல் ஒட்டிப்போயிருந்தது. பனிக்குள்ளிருந்து அங்கிள் வந்தார், கையில் ரிமோட். முந்தின நாள் பின்னேரமே ஆற்றில் மேலே இருக்கும் பாலத்தால் போய், ஃபோனில் பதிந்த என் குரலோடு ஸ்பீக்கர்ப் பெட்டியையும் கூண்டையும் அக்கரையில் வைத்திருக்கிறார். பதிவை நிறுத்த மறந்ததில் என் அன்ரிக் குரலும் அதில் விழுந்திருந்தது. ஆறுதலாகச் சொன்னார்: "உன்ர தலை இல்லாமக் குரல் மட்டும் போனா நரி வரும் எண்டு நேற்றே விளங்கிட்டுது, பிள்ளை."

என் வாழ்நாளிலேயே திறமான அந்த முயல் குரலை நம்பி ஏமாந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒன்றுதான் நரி.