படிக்கட்டுக்கு உப்பு

1971 டிசம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு அம்மா டிகாக்‌ஷன் இறக்கினாள், அப்பா கம்பளித் தொப்பியை மாட்டினார், நான் டிபன் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். இரவு பெய்த மழை உறைந்து, நாங்கள் குடியேறியிருந்த குளிர்நாட்டு நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் மாடி வீட்டின் வெளிப்புற இரும்புப் படிகள் கண்ணாடி பூசியதுபோல் மின்னின. எஞ்சினியரான அப்பா உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார்.

கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரம்மா, கிரேக்க நாட்டுக்காரர், கம்பியைப் பிடித்து ஏறிவந்து ஒரு வாளியை வைத்து, "சால்ட் இட்" என்று படிகளைக் காட்டிவிட்டுப் போனார். உப்பு வினைச்சொல்லாகவும் வேலை செய்யும் என்று ஒன்பது வயதில் அன்றுதான் அறிந்தேன். வாளியில் இருந்ததோ ஊறுகாய்க்குப் போடும் கல் உப்புபோலவே இருந்தது. அம்மா அதை அடுப்படியில் லட்சுமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். சறுக்கினால் என்ன ஆகும் என்ற பயம் மாலையில் வீடு திரும்பிய அப்பாவின் முகத்தில் தெரிந்தது.

"இது சமைக்கிற உப்பு இல்லம்மா" என்றார் அம்மாவிடம்.

"உப்பு உப்புதாங்க. லட்சுமியை மிதிச்சுக்கிட்டு இறங்கச் சொல்றீங்களா?"

அப்பா ஆங்கில அகராதியை எடுத்தார். சாப்பாட்டில் உப்புப் போடுவது முதல் பொருள். மீனை உப்பிட்டுப் பதப்படுத்துவது அடுத்தது. பாதையில் உறைந்த பனி இளக உப்புத் தூவுவது கடைசி.

"பாரு, புத்தகத்துலயே இருக்கு. தெருவெல்லாம் இதைத்தான் போடறான். நீயும் தினம் அதுமேலதான் நடக்கிறே."

"தெரியாம நடந்தது வேற."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். சொல்லின் வேரைத் தேடிப் பக்கம் புரட்டி, "அட, ஸாலரிங்கிற வார்த்தையும் இதே லத்தீன் வேர்லேர்ந்துதான் வந்திருக்கு" என்றார்.

"அப்ப உங்க சம்பளத்தையும் சேர்த்து மிதிக்கணும்."

அகராதி மூடப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கதவைத் திறந்து, வயிற்றில் கைவைத்தபடி வெகுநேரம் கீழே பார்த்தாள்.

"காலையில நானே போடறேன். வேற யாரும் கை வைக்க வேண்டாம்."

அந்த இரும்புப் படிகள் இன்று இல்லை. உப்பும் நீலக் குருணையாக மூட்டையில் வருகிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் ஊறுகாய் நினைவு வராது. அன்று அம்மாவின் வயிற்றில் இருந்த தம்பி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் என்ற ஊரில் தன் வாசலுக்கு அதை வாரி இறைக்கிறான்.

பதினைந்தாம் தேதி காலை முதல் காரியமாக அம்மா குளித்து, குங்குமம் இட்டு, கோலமாவு எடுப்பதுபோல் விரல்களால் உப்பை எடுத்து, கை எட்டிய படிகளில் தூவினாள். மீதிப் படிகளுக்கு மட்டும் அப்பாவை அனுமதித்தாள். குனிந்து படியைத் தொட்டுக் கும்பிட முடியாததால் அப்பா கையிலிருந்த வாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கீழே நின்ற வீட்டுக்காரம்மா என்ன நினைத்தாரோ, தானும் சிலுவை இட்டுக்கொண்டார். பனிக்கட்டி நெறுநெறுவென்று விரிசல் விட்டு இளகியதும், அப்பாவின் தோளைப் பிடித்து, அம்மா வலது காலை முதலில் எடுத்து வைத்தாள்.