சரமா, உதிரியா

மர மணியால் என்ன பயன் என்று நாற்பத்தெட்டு வயது வரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரி. முகம் தெரியாது, குரல் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: பொருளின் இறுதிப் பயன் என்ன, விளக்கவும்.

விளக்கவுமாம்! ராயபுரத்தில் இறக்குமதிக் காகிதங்கள் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்றில், மின்விசிறி சுற்றியும் காற்று வராத மூலையில், இருபது வருடமாக உலகத்துப் பொருள்களுக்கெல்லாம் எண் போட்டுக்கொண்டிருக்கிறவன் நான். மணி என்றால் அது எண்சட்டத்தில் ஓடும். வாசலில் திரையாகத் தொங்கிக் காற்றை எண்ணும். மாதா கோயிலில் விரலுக்கு விரல் மாறும், மாலை போட்ட சாமியின் கழுத்தில் வேர்வை குடிக்கும், டிரெய்லர் டிரைவரின் முதுகுக்குக் கீழே பாயாக விரிந்து எண்ணூர் சாலையின் பள்ளங்களையெல்லாம் அவருக்கு முன்பாகத் தான் வாங்கிக்கொள்ளும். இத்தனையையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். சுங்க வரிப் புத்தகத்தில் நாற்பத்து நாலாம் அத்தியாயம் மரம். எழுபத்தொன்றாம் அத்தியாயம் நகை. மரத்துக்கு வரி குறைவு. நகை என்று முடிவானால் வரி ஏறும், தப்பாகச் சொன்னதற்கு அபராதமும் வரும்.

எங்கள் மணி டிரைவர் முதுகுக்கானது. வரவழைத்தவர் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர். புளியந்தோப்பில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, ஆறு பெண்களை வைத்து லாரி சீட்டுக்கு மணிப்பாய் பின்னுகிறார். மாதவரத்து லாரிச் சாமான் கடை ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. அது தவறினால் கூடத்தைப் பூட்டிவிடுவேன் என்று பாய் என்னிடம் சொல்லியிருந்தார். பெண்களிடமும் சொல்லியிருந்தார் போலும். ஏனென்றால் அவர்களில் மூத்த அக்கா தினமும் காலையில் போன் செய்வார்.

"இன்னாண்ணா, மணி வந்துச்சா?"

"யார்டுக்கு வந்துடுச்சும்மா. கேள்வி கேட்டிருக்காங்க."

"இன்னா கேள்வி?"

"மணி எதுக்குன்னு."

"அதுகூடத் தெர்யாத ஆளையா ஆபீசரா வச்சுக்கினு கீறாங்க?"

எனக்கும் அதுதான் ஆத்திரம். ஆனால் பதிலை மரியாதையாகத்தான் எழுதினேன். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

திங்கட்கிழமை மணலிப் பக்கத்து கன்டெய்னர் யார்டில் பெட்டியைத் திறந்தார்கள். ரிஃபைனரி வாசனை, டீசல் புகை, தகரக் கூரையின் அனல். உள்ளூர் அதிகாரி அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுத் தூக்கினார். அவர் கையில் தொங்கியது ஒரு சரம். நூறு மணி, ஒரு பஞ்சு நூல்.

"உதிரி மணின்னு எழுதியிருக்கீங்க. இது சரமா இருக்கே."

"எண்ணிக்கைக்காகக் கோத்திருக்காங்க சார். நூலை வெட்டினா உதிரிதான்."

"எந்தப் பூக்காரம்மாவை வேணா கேளுங்க. உதிரி வேற, சரம் வேற. கழுத்துல போட்டா நகை."

"நகைன்னா கொக்கி வேணும் சார். ரெண்டு முனையும் தனித்தனியாத் தொங்குது பாருங்க. இதைப் போட்டுக்கிட்டு யாரும் கல்யாணத்துக்குப் போக முடியாது."

அவர் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்தார். மரம் என்று எழுதப் போகிறார், அந்த மையின் ஈரத்தை நான் மனசுக்குள் பார்த்துவிட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம். டக். டக். டக். என்னோடு வந்திருந்த பாய் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு அசைகிறது. கையில் பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு சரம். கட்டைவிரல் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே போகிறது.

"பாய், என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். மனசு பதறிக்கினே இருந்திச்சு. ஓதிக்கினு இருந்தேன்."

"அப்ப இது தஸ்பீஹ், ஜபமாலை. அதுவும் நகைக் கணக்குலதான் வரும்."

பேனா மூடிக்கொண்டது.

நான் பாயை டிரெய்லர் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உங்க ஜிப்பா பையிலயே சொந்தத் தஸ்பீஹ் இருக்கே பாய்! அதை எடுத்து ஓதக் கூடாதா?"

"கைவாட்டமா இதான் இருந்திச்சு தம்பி. மரம்னா விரலு தானா போவுது."

தானாகப் போகிறதாம். இருபது வருட வேலையை ஒரு கட்டைவிரல் தள்ளிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு செல்போனில் சட்டத்தைப் புரட்டினேன். இருந்தது. பொருளை அதிகாரி முன்னிலையில் வேறு பயனுக்கு உதவாதபடி சிதைத்துவிட்டு, மிஞ்சியதற்கு உரிய வரியைக் கட்டலாம் என்று ஒரு பிரிவு. என்ன சட்டம் இது! உடைத்தால் மன்னிக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் அதைவிட அழகான வாக்கியத்தை நான் படித்ததில்லை. அதிகாரியிடம் நீட்டினேன். அவரும் ஒரு வழி கிடைத்த நிம்மதியில் மேலே எழுதிக் கேட்டார். மறுநாள் அனுமதி வந்தது: எல்லா நூலையும் வெட்டுங்கள், மரமென்று எழுதலாம்.

புதன்கிழமை அனுமதிச் சீட்டு வாங்கி ஆறு பெண்களும் கத்தரிக்கோலோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பாயின் விரல் செய்த வேலைக்குப் பிறகு எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. வாசலிலேயே நிறுத்திக் கண்டிப்பாகச் சொன்னேன்: "உள்ள யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வெட்டணும், கோணியில கொட்டணும், அவ்வளவுதான்."

உள்ளே பெட்டியருகே போனதும் அக்கா ஒரு சரத்தைக் கையில் எடுத்தார். "அண்ணா, ஒண்ணு சொல்லணும்..."

"வாயைத் தொறக்காதீங்கம்மா. ஆபீசர் அங்கதான் நிக்கறாரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். மதியம் முழுக்க மணிகள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன. அதிகாரி எட்டிப் பார்த்தார், ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், உதிரி என்றார், மரம் என்றார், கையெழுத்துப் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

"இப்ப பேசலாமா?" என்றார் அக்கா.

"தாராளமா."

"சரமா இருந்தா நைலான் நரம்பை அந்த நூலோட முனையில முடிஞ்சு ஒரே இழுப்பு இழுப்போம். நூறு மணியும் நரம்புல ஏறிக்கும். அதுக்குத்தாண்ணா சரமா வருது. இப்ப ஒண்ணொண்ணா பொறுக்கிக் கோக்கணும். வெள்ளிக்கிழமைக்கு எங்க முடியும்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"எங்க வுட்ட?"

பாய் மாதவரத்துக் கடைக்குப் போன் போட்டார். நாங்கள் ஏழு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். போனை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழம எவ்ளோ குடுக்கிறோமோ எடுத்துக்குவாராம். மிச்சத்துக்கு வேற ஆளப் பாத்துக்குவாராம்," என்றார். கோணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "கூடத்த மூட வேணாம். ஆனா பாதி வேலைக்கு மூணு பேரு போதும்..."

"மூணு பேருன்னு யாரு பாய் பிரிக்கிறது? நீயா, இந்த அண்ணனா?" என்றார் அக்கா. "ஆறு பேரும் பாதிப் பாதி நாளு வரோம். யாரையும் நிறுத்தாத."

பாய் சரியென்று தலையை ஆட்டினார். என்னிடம் ஏதாவது கேட்பார்களோ என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அக்கா கோணியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு மறு காதைக் கண்ணால் காட்டினார். குனிந்து பிடித்தேன்.